புருவ முடி: பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் நாம் சொல்ல வேண்டிய பதிலும்



பெருநாள் நெருங்கும்போதும் குடும்பத்தில் கல்யாணம் வரும்போதும் பருவ வயதுப் பெண் பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி வருகிறது: "புருவம் எடுக்கலாமா?" பெரும்பாலான வீடுகளில் இதற்கு இரண்டே பதில்கள்தாம். ஒன்று, "ஹராம், அந்தப் பேச்சையே எடுக்காதே." மற்றொன்று, "எல்லோரும்தான் எடுக்கிறார்கள், போய்விட்டு வா." முதல் பதிலைக் கேட்ட பிள்ளை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாப்பாவின் ரேசரைக் கையில் எடுக்கிறாள். இரண்டாவது பதிலைக் கேட்ட பிள்ளை, இதில் மார்க்கம் ஏதாவது சொல்லியிருக்கிறது என்பதே தெரியாமல் வளர்கிறாள்.

இரண்டு பதிலிலும் ஒரே குறைதான். பிள்ளை உண்மையில் எதைக் கேட்கிறாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஒருத்திக்கு இரு புருவமும் நடுவில் சேர்ந்த கூட்டுப் புருவம்; வகுப்பில் கேலி செய்கிறார்கள். இன்னொருத்திக்குப் புருவம் ஒழுங்காகவே இருக்கிறது. படத்தில் பார்த்ததைப் போல மெல்லிய வில்லாக வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு மோவாயிலும் மேலுதட்டிலும் முடி வளரத் தொடங்கியிருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, புருவம் என்று மட்டும் சொல்கிறாள். மூவரும் கேட்பது ஒரே வார்த்தைதான். ஆனால் மூவருக்கும் ஒரே பதில் இல்லை. மார்க்கத்திலும் இல்லை, மருத்துவத்திலும் இல்லை. இந்தப் பாடத்தில் அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வோம்.

1. ஹதீஸில் வந்திருப்பது என்ன?

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்கள் அதில் சாபத்துக்குரியவர்களாகச் சொல்லப்படுகிறார்கள். பச்சை குத்துபவர், குத்திக்கொள்பவர், முக முடியைப் பிடுங்கிக்கொள்பவர், பற்களுக்கிடையே இடைவெளி ஏற்படுத்திக்கொள்பவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகின்றனர். முடி பிடுங்கும் செயலுக்கு அரபியில் 'நம்ஸ்' என்று பெயர். பிறருக்கு அதைச் செய்துவிடும் பெண் 'நாமிஸா'. புருவத்தை மெலிதாகும்வரை எடுப்பவள் என்று இமாம் அபூதாவூத் (ரஹ்) தம் ஸுனனில் அச்சொல்லுக்கு விளக்கம் தருகிறார்கள்.

இந்த ஹதீஸோடு வரும் சம்பவம் நம் பெண் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டியது. பனூ அஸத் குலத்தைச் சேர்ந்த உம்மு யஅகூப் என்ற பெண்மணி இதைக் கேள்விப்பட்டு இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் நேரில் வந்தார். குர்ஆன் முழுவதையும் ஓதியிருக்கிறேன், அதில் இதைக் காணவில்லையே என்று கேட்டார். தூதர் தந்ததை எடுத்துக்கொள்ளவும் அவர் தடுத்ததை விட்டு விலகவும் சொல்லும் அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தை அவர்கள் நினைவூட்டினார்கள். அப்போதும் அந்தப் பெண்மணி விடவில்லை. உங்கள் வீட்டிலேயே இதைச் செய்கிறார்களே என்றார். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்தார்; அப்படி எதுவும் இல்லை.

ஒரு பெண் ஆதாரம் கேட்டார். நபித்தோழர் கோபப்படாமல் ஆதாரம் தந்தார். தம் வீட்டைச் சோதித்துப் பார்க்கவும் அனுமதித்தார். பதினான்கு வயதுப் பிள்ளை "ஏன் கூடாது?" என்று கேட்டால் அது அடக்கமின்மை அல்ல. பதில் சொல்வது நம் கடமை.

2. எது தடுக்கப்பட்டது, எதில் இடம் உண்டு?

புருவத்தையே பிடுங்கி மெலிதாக்கி, வேறு வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் ஹதீஸ் நேரடியாகப் பேசும் விஷயம். அழகுக்கான ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லாத ஒரு பிள்ளைக்கு இதில் சலுகை தேட வேண்டிய தேவை இல்லை. கணவனுக்காக அலங்கரிக்கும் மனைவி விஷயத்தில் ஃபிக்ஹு நூல்களில் தனி விவாதங்கள் உண்டு. அவை பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பொருந்தாது.

மழிப்பது பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ஹதீஸ் பிடுங்குவதைத்தான் சொல்கிறது, மழித்தால் குற்றமில்லை என்ற கருத்தை ஹன்பலி மத்ஹபின் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் 'அல்முக்னி'யில் குறிப்பிடுகிறார்கள். படைப்பை மாற்றுவதே தடைக்கான காரணம், கருவி எதுவானாலும் ஒன்றுதான் என்பது மற்றவர்களின் கருத்து.

நீண்டு கண்ணில் விழும் புருவ முடியைக் கத்தரிப்பது வேறு. இமாம் அஹ்மத் (ரஹ்) அவ்வாறு செய்ததாகச் சொல்லப்படுவதை இமாம் நவவி (ரஹ்) 'அல்மஜ்மூஃ'வில் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் தம்மளவில் அது வெறுக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார்கள்.

பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் என்ன செய்வது? அதை அகற்றுவது ஹராம் அல்ல, விரும்பத்தக்கது என்று இமாம் நவவி (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர்களில் பல தாய்மார்களுக்கு இது தெரியாது. மோவாய் முடியோடு மனம் குன்றி நிற்கும் பிள்ளையிடம் "அல்லாஹ் தந்தது, அப்படியே இரு" என்று சொல்வது மார்க்கம் சொல்லாத கட்டளை.

கூட்டுப் புருவம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. இரு புருவங்களுக்கும் நடுவே, மூக்கின் மேல் வளரும் முடி புருவத்தைச் சேர்ந்ததல்ல, ஆகவே எடுக்கலாம் என்று சமகால அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்துள்ளனர். சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழுவின் தீர்ப்பும் அவ்வாறே உள்ளது. பேணுதலுக்காக அதையும் விட்டுவிடுவது நல்லது என்போரும் உண்டு. நம்மில் ஷாஃபியும் ஹனஃபியும் இருக்கிறோம். அவரவர் மஹல்லா ஆலிமிடமோ ஆலிமாவிடமோ ஒருமுறை கேட்டுத் தெளிவு பெறுங்கள். கேட்கும்போது "புருவம் எடுக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்காமல், எந்த இடத்து முடி, எதற்காக என்று சொல்லிக் கேளுங்கள்.

குறையைச் சரிசெய்வதை மார்க்கம் அழகுக்கான மாற்றமாகப் பார்ப்பதில்லை. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து வைத்துக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டபோது தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடை என்றிருந்தும் அவருக்கு அனுமதி கிடைத்தது. நோயாலோ காயத்தாலோ வந்த குறையை நீக்குவதற்கும், ஒழுங்காக இருப்பதை நாகரிகத்துக்காக மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்கும்.

வயதைப் பற்றி ஒரு சொல். மாதவிடாய் தொடங்கியதிலிருந்து, அல்லது வேறு அடையாளம் இல்லாவிட்டால் சந்திரக் கணக்கில் 15 வயது நிறைந்ததிலிருந்து, மார்க்கச் சட்டங்கள் பிள்ளை மீதே கடமையாகின்றன. அதற்கு முன் பொறுப்பு பெற்றோருக்கு. பத்து வயதுப் பிள்ளையைக் கல்யாணத்துக்காகப் பார்லருக்கு அழைத்துச் செல்லும் தாய் இதை யோசிக்க வேண்டும்.

3. பருவ வயதில் முடி ஏன் கூடுகிறது?

பருவமடையும்போது சுரக்கும் ஹார்மோன்களால் உடலில் மெல்லிய பூனை முடி சில இடங்களில் கருத்துத் தடிமனாகிறது. இது ஆண், பெண் இருவருக்கும் நடப்பது. கூட்டுப் புருவம் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வாப்பாவுக்கோ பாட்டிக்கோ இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும். அது நோய் அல்ல.

புருவத்துக்கு வேலையும் உண்டு. நெற்றி வியர்வை கண்ணில் இறங்காமல் அது தடுக்கிறது. தலைமுடி ஒன்று 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும். புருவ முடியோ ஓரிரு மாதங்கள் மட்டுமே வளர்ந்து நின்றுவிடும். பிடுங்கிய முடி முதலில் திரும்ப முளைக்கும். ஆண்டுக்கணக்கில் பிடுங்கிக்கொண்டே இருந்தால் வேர் நைந்து, சில இடங்களில் பிறகு முளைப்பதே இல்லை. பதினைந்து வயதில் விரும்பிய மெல்லிய புருவம் முப்பது வயதில் பென்சிலால் வரைய வேண்டிய புருவமாக ஆகிவிடக்கூடும்.

4. வழிகளும் அவற்றின் ஆபத்துகளும்

நடு முடி, மேலுதட்டு முடி போன்ற அனுமதி உள்ள இடங்களுக்கும் எல்லா வழியும் பாதுகாப்பானதல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சீவுதலும் கத்தரித்தலும்: பல பிள்ளைகளுக்கு இதுவே போதும். சிறிய பிரஷால் புருவத்தை மேல்நோக்கிச் சீவிவிட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். புருவத்தை நிலைநிறுத்தத் தடவும் ஜெல் நீர் புகாத வகையானால் உளூவுக்கு முன் அதைக் கழுவி எடுக்க வேண்டும்.

முகத்துக்கான சிறு ரேசர்: நடு முடிக்கு வலியில்லாத வழி. முகத்தைக் கழுவி, தோலை லேசாக இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே எடுக்க வேண்டும். கண்ணின் உள்மூலையிலிருந்து நேர்மேலே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த இரு கோடுகளுக்கு நடுவே உள்ளது மட்டும்தான் நடு முடி. அதைத் தாண்டினால் புருவத்தில் கை வைத்ததாகிவிடும். மழித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பது தவறான நம்பிக்கை. இயற்கையான முடியின் நுனி கூராக இருக்கும். வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் தடித்ததுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். ஒருவர் பயன்படுத்திய ரேசரை இன்னொருவர் தொடக் கூடாது. வாப்பாவின் ரேசருக்கும் இதே விதிதான்.

ட்வீசர்: ஓரிரு முடிகளுக்கு ஏற்றது. குளித்தபின் தோல் இளகியிருக்கும்போது, ஸ்பிரிட்டால் துடைத்த ட்வீசரால், வளரும் திசையில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பரு உள்ள இடத்தில் வேண்டாம்.

த்ரெட்டிங்: பார்லர்களில் பரவலாகச் செய்வது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்யும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எச்சில் பட்ட நூல் தோலில் உரசுகிறது. முடிவேரில் சீழ்க்கொப்புளம், தோல் கருத்தல், மருக்கள் பரவுதல் ஆகியவை இதனால் ஏற்படுகின்றன. மேலுதட்டு முடிக்காகப் போனாலும் புதிய நூல் எடுக்கும்படியும் வாயில் கடிக்காமல் செய்யும்படியும் தயங்காமல் கேளுங்கள். நடு முடி மட்டும் போதும் என்றால், உட்காருவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். கை பழகியவர்கள் கேட்காமலேயே புருவத்தின் அடிப்பகுதியையும் எடுத்துவிடுவார்கள்.

வேக்ஸிங்: சூடு கூடினால் தோல் வெந்துவிடும். பருவுக்காக அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற கிரீம்களைத் தடவும் பிள்ளைகளுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கும் தோல் மெலிந்திருக்கும். வேக்ஸோடு தோலும் உரிந்து வரும். அந்த மாத்திரையை நிறுத்திய பிறகும் 6 மாதங்கள் வேக்ஸிங் கூடாது.

முடி நீக்கும் கிரீம், ப்ளீச்: இவற்றின் மருந்து கண்ணில் பட்டால் கண் புண்ணாகும். கண்ணருகே தடவக் கூடாது என்று கிரீம் உறையிலேயே எச்சரிக்கை இருக்கும். தவறிப் பட்டுவிட்டால் உடனே 15 நிமிடங்களாவது ஓடும் நீரில் கண்ணைக் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி: நம் பாட்டிமார் சொல்லும் வைத்தியம். இவை முடியை வேரோடு நீக்கும் என்பதற்கு உறுதியான மருத்துவ ஆதாரம் இல்லை. கண்ணருகே தேய்த்தால் எரிச்சலும் ஒவ்வாமையும் வரலாம்.

லேசர்: கண்ணுக்கு மிக அருகில் செய்தால் கண்மணியையே பாதிக்கும். மாநிறத் தோலில் சூட்டுத் தழும்புக்கும் வாய்ப்பு உண்டு. தோல் மருத்துவர் பார்த்து, கண் கவசத்தோடு செய்ய வேண்டிய சிகிச்சை இது. வீட்டில் பயன்படுத்தும் கருவியைக் கண் பக்கமே கொண்டு போகக் கூடாது.

மைக்ரோபிளேடிங்: புருவத்தில் மை ஏற்றுவது. பெயர் புதிது, செயல் பச்சை குத்துவதுதான். மேலே சொன்ன அதே ஹதீஸில் அதுவும் வருகிறது.

5. டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

முடி பற்றிய பேச்சு சில நேரம் நோயின் முதல் அறிகுறியாக இருக்கும். கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் பார்லரைத் தேடாமல் டாக்டரைப் பாருங்கள்.

மோவாய், கன்னம், நெஞ்சு, வயிறு ஆகிய இடங்களில் தடித்த முடி வளர்ந்து, அதோடு மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் இருந்தால், பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பைப் பிரச்சினை இருக்கலாம். பருவும் எடையும் சேர்ந்து கூடுவதும் அதன் அறிகுறிகள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மாதவிடாய் முன்பின்னாக வருவது சகஜம்தான். ஆனால் ஒரே தடவையில் மூன்று மாதங்களுக்கு மேல் வராமல் நின்றால் காத்திருக்க வேண்டாம். இதற்குச் சிகிச்சை உண்டு.

முகம் வெளுக்கக் கடையில் கேட்டு வாங்கித் தடவும் கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து சிவந்து, முகத்தில் முடியும் வளரும். முடியைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளை என்ன கிரீம் தடவுகிறாள் என்று முதலில் பாருங்கள்.

படிக்கும்போதும் கவலையின்போதும் தன்னையறியாமல் புருவத்தையோ இமையையோ பிடுங்கும் பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் 10 முதல் 13 வயதுக்குள் தொடங்கும் இது ஒரு மனநலக் கோளாறு. அடித்தாலும் பாவம் என்று பயமுறுத்தினாலும் அது கூடுமே தவிரக் குறையாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவும் மகப்பேறு பிரிவும் உள்ளன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

6. ஆண் பிள்ளைகள் விஷயம்

இது பெண் பிள்ளைகளின் விஷயம் மட்டும் அல்ல. சலூனில் முடி வெட்டும்போதே புருவத்தில் ஒரு வெட்டுக்கோடு போட்டுக்கொள்வதும், த்ரெட்டிங் செய்துகொள்வதும் பையன்களிடமும் வந்துவிட்டது. பெண்களைப் போலத் தோற்றம் கொள்ளும் ஆண்களை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அந்தத் தோற்றம் வராத அளவில் ஒழுங்குபடுத்துவதற்கு ஹனஃபி நூல்களில் இடம் இருக்கிறது. மகளைக் கண்டிக்கும் வீடு மகனின் வெட்டுக்கோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால், மகள் அதைக் கவனிப்பாள்.

7. கேலிக்கு மருந்து ரேசர் அல்ல

கூட்டுப் புருவத்தைக் காட்டிப் பட்டப்பெயர் வைக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலிருந்தும் போகிறார்கள். ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் கெட்ட பெயரிட்டு அழைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதைத் தனியாகவே சொல்கிறது. புருவம் பிடுங்குவது பற்றிப் பயான் நடக்கும் அளவுக்கு இதைப் பற்றி நடப்பதில்லை. பெண் பார்க்கப் போகும் வீட்டில் பிள்ளையின் புருவத்தையும் நிறத்தையும் விமர்சிக்கும் பெரியவர்களும் இந்த வசனத்துக்குள் வருகிறார்கள். ஒருபுறம் குறை சொல்லிவிட்டு, மறுபுறம் சரிசெய்யக் கூடாது என்றால் பிள்ளை எங்கே போவாள்?

8. வீட்டில் பார்லர் நடத்தும் சகோதரிகளுக்கு

குடும்பம் நடத்த வழியில்லாமல் இந்தத் தொழில் கற்ற சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஹதீஸ் செய்துகொள்பவரை மட்டுமல்ல, செய்துவிடுபவரையும் சொல்கிறது. அதற்காகத் தொழிலையே விட வேண்டும் என்பதில்லை. மருதாணி, தலை அலங்காரம், மணப்பெண் அலங்காரம், முகப் பராமரிப்பு, மீசை முடி நீக்குதல் எனப் பல வேலைகள் இருக்கின்றன. "புருவ வடிவம் எடுப்பதில்லை" என்று எழுதி வைக்கும் சகோதரிக்கு வாடிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஊர்ப் பெண்களின் பொறுப்பு.

9. தாய்மார்களுக்கு

பிள்ளை கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "எந்த முடிம்மா உனக்குச் சங்கடமா இருக்கு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள். கண்ணாடி முன் சேர்ந்து உட்கார்ந்து, எது புருவம், எது நடு முடி என்று காட்டுங்கள். எடுக்க அனுமதி உள்ளதைப் பாதுகாப்பாக எடுக்க நீங்களே கற்றுக்கொடுங்கள். எடுக்கக் கூடாததற்குக் காரணத்தைச் சொல்லுங்கள். பிள்ளை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால், அது திரும்ப வளரும் என்றும் அல்லாஹ் மன்னிப்பவன் என்றும் சொல்லுங்கள். இன்று இதற்குத் திட்டு வாங்கிய பிள்ளை நாளை இதைவிடப் பெரிய விஷயத்தை நம்மிடம் சொல்ல மாட்டாள்.

வகுப்பில் கலந்துரையாட

1. உம்மு யஅகூப் அவர்களின் கேள்வியிலிருந்தும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் பதிலிலிருந்தும் பெற்றோர் என்ன கற்கலாம்?
2. புருவத்தை மெலிதாக்குவதற்கும் மோவாய் முடியை நீக்குவதற்கும் மார்க்கத்தில் உள்ள வேறுபாடு என்ன?
3. முடி வளர்ச்சியோடு எந்த அறிகுறிகள் சேர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்?
4. தோற்றத்தைக் கேலி செய்யும் வழக்கத்தை நம் வீட்டில் நிறுத்த யார் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நம் பிள்ளைகள் வெட்கமின்றிக் கேட்கவும், நாம் கோபமின்றிப் பதில் சொல்லவும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.